எதிர்வீட்டம்மாவுக்குக் காலில் புண்

எனக்கு எழுபத்தாறு வயது. ஏழு பேரை வளர்த்தேன். ஐந்து நான் பெற்றது. இரண்டு என் கொழுந்தனார் பிள்ளைகள், தாய் இறந்துபோனதால் என்னிடம் வந்தவர்கள். ஏழு பேரும் இன்றைக்கு நல்லபடியாக இருக்கிறார்கள். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், எழுதுகிறவள் யார் என்று தெரிந்துகொண்டு படிப்பதுதான் மரியாதை.

தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை போனேன். அப்புறம் தம்பியைத் தூக்கிக்கொள்ள ஆள் இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். என் எழுத்து பெரிது. நோட்டில் ஒரு பக்கத்துக்கு எட்டு வரிதான் வரும். தினமும் பேப்பரை எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள் என்பதால், பேப்பரில் வருகிற தமிழில் எழுதுகிறேன். ஆட்கள் பேசினதை மட்டும் பேசினபடியே போடுகிறேன். எனக்கு அவசரம் இல்லை. தீபாவளி முடிந்து ஆரம்பித்தேன், இப்போது தைப்பூசம் வரப்போகிறது.

எழுதுவது என் எதிர்வீட்டு அக்காவைப் பற்றி. பெயர் போடப்போவதில்லை. தன்னைப் பற்றி யாரிடமும் வாய் திறக்காத மனுஷி. செத்த பிறகு நான் பெயரைப் போட்டால், போன இடத்திலிருந்து திட்டுவார்.

புந்தோங்கில் எங்கள் சந்தில் ஒரு கார் வந்தால் எதிரே வருகிற கார் பின்னால் போகவேண்டும். அவ்வளவுதான் அகலம். அவர் தன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசினால் என் வீட்டுக்குள் தெளிவாகக் கேட்கும். அவர் பீடோர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவர். நான் வேறு தோட்டம். இரண்டும் ரப்பர்த் தோட்டம்தான், இப்போது இரண்டிலும் பால்மரம் கிடையாது. என்னுடைய தோட்டம் எண்ணெய் எடுக்கிற செம்பனை ஆகிவிட்டது, அவருடையது வீட்டுமனை ஆகிவிட்டது. என்னைவிட அவர் இரண்டு வயது மூத்தவர். பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர். புருஷன் இறந்து வெகு நாளாகிறது. ஒரே மகன், ஜொகூரில் வேலை.

அந்த மகன்தான் அவருக்குப் போன் வாங்கிக் கொடுத்தான். மாதா மாதம் பில்லும் அவனே கட்டினான். எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இந்த மைக் படத்தை அழுத்திப் பேசினால் அது பதில் சொல்லும் என்று காட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். அன்றைக்குப் பிடித்தார் அக்கா. காலையில் வாசல் கூட்டி முடித்ததும் நாற்காலி வரும். சாதத்தட்டை ஏந்துவதுபோல் போனை உள்ளங்கையில் ஏந்தி, வாய்க்கு நேரே வைத்துக்கொண்டு ஆரம்பிப்பார்.

“மிஸி, வணக்கம். சாப்டாச்சா? நான் நல்லா இருக்கேன். எனக்கு ஒண்ணும் இல்ல. எதிர்வீட்டம்மாவுக்குத்தான் கேக்குறேன்.”

எங்கள் ஊரில் தாதியை மிஸி என்போம். போனுக்குள்ளிருந்து வந்தது பொம்பளைக் குரல் என்பதால் அக்கா அதற்கு அந்த வேலையைக் கொடுத்துவிட்டார். மிஸியும் நல்ல சுத்தத் தமிழில், “வணக்கம். நான் உணவு உண்பதில்லை. உங்களுக்கு எவ்வாறு உதவலாம்?” என்று கேட்கும்.

“பாவம்,” என்பார் அக்கா. பிறகு கேள்விக்குப் போவார்.

எந்தக் கேள்வி கேட்டாலும் அது எதிர்வீட்டம்மாவுக்குத்தான். எதிர்வீட்டம்மாவுக்குத் தூக்கம் வருவதில்லை. எதிர்வீட்டம்மாவுக்குக் கண் மங்கலாகத் தெரிகிறது. எதிர்வீட்டம்மா தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிறாள். முதலில் எனக்கு வேடிக்கையாக இருந்தது. பேப்பரில் சர்க்கரை நோய் என்று போடுகிற இனிப்புநீர் எனக்குக் கிடையாது, ரத்தக்கொதிப்பு கிடையாது. ஊசியில் நூல் கோர்க்க இன்றும் யாரையும் கூப்பிடமாட்டேன். இது இந்தச் சந்துக்கே தெரியும். அதனால் அது அக்காவுடைய பேச்சுப் பழக்கம் என்று விட்டுவிட்டேன். சிலர் எதற்கெடுத்தாலும் ‘வந்து’ என்று ஆரம்பிப்பார்கள். இவர் என்னை வைத்து ஆரம்பிக்கிறார்.

அது பழக்கம்தான் என்று நான் நினைக்கக் காரணமும் இருந்தது. சந்தின் கடைசி வீட்டில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் இருக்கிறார். அக்கா போனோடு பேசுவதைப் பார்த்தாலே நின்று விடுவார்.

“என்னாக்கா, தனியாவா பேசுறீங்க? தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியாஸ்பத்திரிக்கு எந்த பஸ்ஸுன்னு எனக்குத் தெரியும், ஏத்தி விடவா?”

“நீ ஓட்டுன பஸ்ஸு போய்ச் சேருமாலா?” என்பார் அக்கா.

ஒரு நாள் காலையில் அதே டிரைவர் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டார். சட்டை நனைந்திருந்தது. வாயுதான், இஞ்சித் தண்ணீர் குடித்துப் படுத்தால் சரியாகிவிடும் என்றார். அக்கா போனை ஏந்தினார்.

“மிஸி, வணக்கம். நான் நல்லா இருக்கேன். எதிர்வீட்டம்மாவுக்கு வேர்த்துக் கொட்டுது. தாடை வலிக்குதாம். இடது கை கனமா இருக்காம். மீசை வச்சிருக்காரு.”

மிஸி மீசையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இது மாரடைப்பாக இருக்கலாம், உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், நடக்க விடாதீர்கள் என்றது. அக்கா டிரைவரின் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் மூன்று முறை எழுந்திருக்கப் பார்த்தார், மூன்று முறையும் அக்கா உட்காரவைத்தார். பிழைத்து வந்தார். அதன் பிறகு பஸ் பேச்சு எடுப்பதில்லை.

எல்லாவற்றையும் நம்புகிற ஆளும் இல்லை அக்கா. வைத்தியம் சொல்கிற வீடியோ வந்தால் முதலில் விரலால் தள்ளிக் கடைசிக்குப் போவார். கடைசியில் யாராவது ஒரு பாட்டிலைத் தூக்கிக் காட்டினால் மூடிவிடுவார்.

“தோட்டத்துக்கு லேகியக்காரன் வருவான்ல? அவனும் கடைசியிலதான் டின்னத் தொறப்பான். முன்னாடி பேசுறதெல்லாம் நம்மள நிக்க வைக்கிறதுக்கு.”

வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் மட்டும் பாட்டில் காட்டாமல் பேசினார். வெண்டைக்காயை வெட்டி ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் குடிக்கச் சொன்னார். ஒரு மாதம் அக்கா தினமும் இரண்டு கோப்பையோடு சந்தைத் தாண்டி வந்தார்.

“உனக்குத்தான் கேட்டேன். குடி.”

“எனக்கு என்னாத்துக்குக்கா?”

“இனிப்புநீர் இருந்தா கொறையுமாம்.”

“எனக்குத்தான் இல்லையே.”

“வராம இருக்கும் லா. துணைக்கு நானும் குடிக்கிறேன்.”

கொழகொழவென்று இருந்தது. அவர் தன் கோப்பையைச் சொட்டு விடாமல் குடிப்பார். நான் என்னுடையதைச் செம்பருத்திக்கு ஊற்றிவிடுவேன். ஒரு மாதம் கழித்து வெள்ளைக் கோட்டுக்காரரும் ஒரு பாட்டிலைக் காட்டினார். வெண்டைக்காய் அன்றோடு நின்றது.

அப்படி ஒரு நாள் உட்கார்ந்திருந்தபோதுதான் அவர் தோட்டத்துக் கதை ஒன்றைச் சொன்னார். தோட்டத்தில் மருந்து கொடுக்கிறவரை டிரெசர் என்போம்.

“எங்க டிரெசர் ஐயா ஒரு பெரிய புக்கு வச்சிருப்பாரு. காய்ச்சல்னு போனா பேர அதுல எழுதுவாரு. அது அப்படியே ஆபீஸுக்குப் போயிடும். மறுநாள் விடிய ஆள் கணக்கெடுக்கறப்ப உன் மரத்த வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. பால் நல்லா வர்ற மரமா இருந்தா அப்புறம் உனக்குத் திரும்பி வராது.”

“எங்க தோட்டத்துலயும் அப்படித்தான். நீங்க என்னா செஞ்சீங்க?”

“எங்க லயத்துல கடைசி வீட்டுல ஒரு கெழவி. வேலைய விட்டு நின்னுடுச்சு, மரம் கெடையாது. அதும்பேரச் சொல்லித்தான் எல்லாரும் மருந்து வாங்குவோம். ஒரே மாசத்துல அதுக்கு ஒம்போது தடவ காய்ச்சல். ரெண்டு தடவ வயித்துப்போக்கு. டிரெசர் ஐயா பயந்துபோயி பாக்க வந்தாரு. அது வாசல்ல உக்காந்து முறுக்கு தின்னுக்கிட்டு இருந்துச்சு.”

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். நான் சிரித்ததோடு நிறுத்திக்கொண்டேன். யோசிக்கவில்லை.

எங்களுக்குள் சண்டை வந்தது மூலத்தால். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சந்தில் எல்லாரும் வீட்டில் இருக்கிற நேரம், அக்கா வாசலில் நின்று உரக்கக் கேட்டார். எதிர்வீட்டம்மாவுக்கு மூலம், உட்கார முடியவில்லை, ரத்தம் வருகிறது, என்ன சாப்பிடலாம் என்று. மிஸி அதைவிட உரக்கப் பதில் சொன்னது. மத்தியானத்துக்குள் டிரைவரின் மனைவி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு என் வீட்டுக்கு வந்தாள். மளிகைக்கடைக்காரர் மரவள்ளிக்கிழங்கை எடை போடாமல், “வேணாம்மா, சூடு,” என்றார். கோயிலில் ஒருத்தி எனக்குத் தலையணை கொண்டுவந்து போட்டாள்.

நான் நேரே எதிர்வீட்டுக்குப் போனேன்.

“ஏன்க்கா என் பேர இழுக்குறீங்க?”

“பேரா சொன்னேன்? எதிர்வீட்டம்மான்னுதானே சொன்னேன்.”

“ஒங்களுக்கு எத்தன எதிர்வீடு இருக்கு? ஒண்ணுதானே இருக்கு!”

“அதுக்கு நான் என்னாலா செய்யறது? இன்னொண்ணு கட்டவா?”

“ஏழு பேர வளத்தவ நானு. ஒரு நாள் படுத்தது கெடையாது. நான் ஒக்கார முடியாம நிக்கிறேன்னு ஊரே பேசுது!”

அக்கா ஏதோ சொல்ல வந்தார். பிறகு போனைக் கையில் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, “சரி, போ,” என்றார். அவ்வளவுதான். அவர் அன்றைக்கு நாற்காலியில் உட்காரவில்லை, வாசல்நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். அதைக் கண்ணால் பார்த்தேன். புத்திக்கு எட்டவில்லை. கோபமாக இருக்கும்போது எனக்குக் கண் மட்டும்தான் வேலை செய்யும்.

பேச்சை நிறுத்திவிட்டேன். நான் பேச்சை நிறுத்தினால் நிறுத்தினதுதான். என் சொந்தத் தம்பியோடு பதினொரு வருஷம் பேசாமல் இருந்திருக்கிறேன்.

அந்தப் பேசாத நாளில் ஒரு காலை, நான் கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. அக்காவின் குரல் வந்தது. இந்த முறை மெதுவாகத்தான் பேசினார். எனக்குக் காது நல்ல காது.

“மிஸி, வணக்கம். எனக்கு ஒண்ணும் இல்ல. எதிர்வீட்டம்மாவுக்குக் கால்ல புண்ணு. கட்டைவிரலுக்குக் கீழ. ஒம்போது நாளாச்சு. வலியே இல்ல. வலி இல்லன்னா நல்லதுதானே?”

“அவருக்கு நீரிழிவு நோய் இருக்கிறதா?” என்று மிஸி கேட்டது.

“அப்படின்னா?”

“சர்க்கரை நோய்.”

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. “இருக்கு. இனிப்புநீர் இருக்கு அவளுக்கு.”

“நீரிழிவு உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்துபோகலாம். புண்ணில் வலி இல்லாதது நல்ல அறிகுறி அல்ல. அவர் இன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.”

“இன்னைக்கேவா? தைலம் போட்டுட்டு அடுத்த வாரம் போனா?”

“தாமதிக்க வேண்டாம். இன்றே செல்வது நல்லது.”

“தனியா இருக்கா மிஸி அவ. கூட வர ஆள் இல்ல.”

நான் எழுந்து என் காலைப் பார்த்தேன். இரண்டு காலையும் பார்த்தேன். நல்ல கால். முதலில் மூலம் கொடுத்தார், இப்போது இனிப்புநீரும் கொடுத்துப் புண்ணும் கொடுத்துவிட்டார், போதாததற்கு எனக்கு ஆள் இல்லையாம், ஏழு பேரை வளர்த்தவளுக்கு. ஜன்னலை மூடினேன். கேட்கட்டும் என்று சத்தமாகத்தான் மூடினேன்.

பதினான்கு நாள் போனது.

குப்பை லாரி வருகிற காலை அது. அக்கா பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன், ஆனால் கண்ணுக்கு முன்னால் இருக்கிற பொருளைப் படிக்க எனக்கு யார் உதவியும் வேண்டாம். அவர் வலது காலில் அவருடைய சிவப்புச் சிலிப்பர் இருந்தது. இடது காலில் அவர் புருஷனுடைய கறுப்புச் சிலிப்பர், பெரியது. அதற்குள் துணி சுற்றிய கால். துணி ஈரமாக இருந்தது. அவர் நொண்டவே இல்லை. நேராக நடந்து வந்து, பையைப் போட்டுவிட்டு, நேராக நடந்து திரும்பினார்.

வலியே இல்லை.

நான் உள்ளே வந்து உட்கார்ந்தேன். ‘துணைக்கு’ என்று சொட்டு விடாமல் குடித்த வெண்டைக்காய்த் தண்ணீர் ஞாபகம் வந்தது. சண்டை போட்ட அன்றைக்கு நாற்காலியில் உட்காராமல் நின்றது ஞாபகம் வந்தது. கண் மங்கல், தாகம், தூக்கமின்மை எல்லாம் வரிசையாக வந்தன. கடைசியாக அந்த முறுக்குக் கிழவி வந்தாள். அந்தக் கிழவி நான்தான். இத்தனை நாளாக வாசலில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

எதிர்வீட்டுக்குப் போய், “அக்கா, புண் உங்களுக்குத்தானே?” என்று கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். “எனக்கா? எனக்கு ஒண்ணும் இல்ல,” என்று கதவைச் சாத்திவிடுவார். சாத்தினால் அவரும் என்னை மாதிரிதான். அதனால் வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னேன்.

“அக்கா, எனக்குக் கால்ல புண்ணு.”

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பேச்சை நிறுத்தினவள் வந்து பேசுகிறாள் என்பதற்காகப் பார்த்தாரா, காலுக்காகப் பார்த்தாரா தெரியாது.

“ஆமாவா?”

“ஆமா. கட்டைவிரலுக்குக் கீழ.”

“வலிக்குதா?”

“வலி இல்ல.”

“அதான் மோசமாம். மிஸி சொன்னா.” குரல் சின்னதாகிவிட்டது. “இன்னைக்கே போவணுமாம்.”

“போகணும்தான். தனியாப் போக பயமா இருக்குக்கா.”

“பயமா? ஒனக்கா?”

“எனக்குத்தான்.”

அந்த வார்த்தையை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஏழு பிள்ளைகளில் ஒன்றுகூடக் கேட்டது கிடையாது. என் புருஷனும் கேட்காமலேயே போய்ச் சேர்ந்தார்.

“சரி,” என்றார் அக்கா. “துணைக்கு வாரேன்.”

டிரைவர்தான் தன் காரில் கிளினிக்கில் இறக்கிவிட்டார். முன்பக்கம் ஏறு, உனக்குத்தானே கால் என்று அக்கா சொன்னதால் நான் முன்னால் உட்கார்ந்தேன். கவுண்டரில் ஐசி, அதாவது அடையாள அட்டை, கேட்டார்கள். அங்கேதான் மாட்டிக்கொள்வோம் என்று பயந்துகொண்டிருந்தேன். என் ஐசியைக் கொடுத்தால் நோயாளி நானாகிவிடுவேன், அவருடையதை எப்படிக் கேட்பது? நான் பைக்குள் கையை விட்டுத் தேடுகிற மாதிரி நடித்தேன். அக்கா ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். அதில் அவர் ஐசியும், கிளினிக்கில் இனிப்புநீர்க்காரர்களுக்குக் கொடுக்கிற சின்னப் புத்தகமும் இருந்தன. உறை வியர்வையில் மங்கிப்போயிருந்தது. எத்தனை நாளாக அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நடந்தாரோ, எனக்குத் தெரியாது. யாராவது கூப்பிட்டால் கிளம்பத் தயாராக இருந்திருக்கிறார்.

டாக்டர் சின்ன வயது மலாய்ப் பெண். யாருக்கு என்று கேட்டாள். அக்கா என்னைப் பார்த்தார். பிறகு நான் எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன்: “கால் என்னுது டாக்டர். ஆனா புண்ணு அவங்ககிட்ட இருக்கு.”

டாக்டர் என்னைப் பார்த்தாள். அக்காவின் இரண்டு சிலிப்பரைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. அந்தப் பெண் நன்றாக இருக்கவேண்டும். கீழே உட்கார்ந்து துணியைப் பிரித்துக்கொண்டே, தலையைத் தூக்கி, மலாயில் அத்தை முறை வைத்து என்னிடம் கேட்டாள்: “மாக்சிக், உங்க கால் எத்தனை நாளா இப்படி இருக்கு?”

நான் அக்காவிடம் திரும்பினேன். “எங்கால் எத்தன நாளாக்கா இப்படி இருக்கு?”

“இருவத்தி மூணு நாளு,” என்றார் அக்கா, சுவரைப் பார்த்துக்கொண்டு.

“நான் மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறேனா?”

“இல்ல. நிறுத்திட்ட. ரெண்டு வருஷம் ஆச்சு. புக்குல பேரு எழுதுறாங்கன்னு நிறுத்திட்ட.”

அப்படியே எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். அன்றைக்கே கடிதம் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே இரண்டு விரலை எடுத்தார்கள். கால் தப்பியது. இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் காலும் இருந்திருக்காது, இரண்டு வாரம் முன்னால் வந்திருந்தால் விரலும் போயிருக்காது என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். இருபத்து மூன்று நாளில் ஒன்பது நாள் அக்காவுடையது. பதினான்கு நாள் என்னுடையது. இதை அக்காவிடம் நான் சொன்னதில்லை. ஜன்னல் சத்தம் அவருக்குக் கேட்டுத்தான் இருக்கும். அவரும் சொன்னதில்லை.

மகன் ஜொகூரிலிருந்து ஓடி வந்தான். கட்டில் பக்கத்தில் நின்று அழுதான். நல்ல பிள்ளைதான்.

“வீட்டக் குடுத்துட்டு என்கூட வந்துருங்கம்மா. இனிமே தனியா இருக்க வேணாம்.”

அக்கா போர்வையை இழுத்து முகம் வரை மூடிக்கொண்டார். அப்போதுதான் அவர் எதற்குப் பயந்தார் என்று எனக்கு முழுதாகப் புரிந்தது. நோய் என்று தெரிந்தால் மரத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். இப்போது மரம் இல்லை. வீடு இருக்கிறது.

“தம்பி,” என்றேன், “புண்ணு என்னுது. நான் பாத்துக்குறேன்.”

“என்னா ஆன்ட்டி சொல்றீங்க?”

“ஒண்ணும் இல்ல லா. ஒருநாள் விட்டு ஒருநாள் மருந்து கட்டக் கூட்டிட்டுப் போறது நானு. மாத்திரை குடுக்கிறது நானு. எதிர்வீடு இருக்கும்போது ஜொகூர் எதுக்கு?”

அவன் ரொம்ப நேரம் யோசித்துச் சரி என்றான். வெளியே வந்ததும் கேட்டேன், உன் அம்மா போனில் கேட்கிறதெல்லாம் உனக்குத் தெரியவருமா என்று. இல்லை ஆன்ட்டி, எனக்குப் பில் மட்டும்தான் வரும், அவங்க என்ன கேட்டாங்கன்னு வராது என்றான். இதை அக்காவிடம் சொன்னேன். நம்பவில்லை.

“அவன் அப்படித்தான் சொல்லுவான். டிரெசர் ஐயாவும் அப்படித்தான் சொன்னாரு. இங்க பாரு.” போனை நீட்டினார். “மூலத்துக்குக் களிம்பு விக்கிறான். மூணு நாளா இதேதான் வருது. யாரும் போய்ச் சொல்லாம இவனுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?”

நான் அந்த விளம்பரத்தை விரலால் தள்ளிவிட்டேன். அடுத்த நாளும் வந்தது.

“ஏன்க்கா என்னையப் போட்டீங்க?” என்று ஒரே ஒரு முறை கேட்டேன். கட்டுக்கட்டப் போகிற வழியில்.

“ஒனக்குத்தான் ஒண்ணும் வராதே. வந்தாலும், ஒன்னையக் கூட்டிட்டுப் போற தைரியம் எந்தப் பிள்ளைக்கு இருக்கு?” என்றார். அது பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் அக்கா அந்த வீட்டிலேயே இருந்தார். தினமும் காலையில் வாசலுக்கு வந்து சந்தைத் தாண்டிக் கேட்பார்: “ஒன் கால் எப்படிலா இருக்கு?”

“ஆறிக்கிட்டு வருதுக்கா.”

“மாத்திரை போட்டியா?”

“நான் போட்டேன். நீங்க?”

“துணைக்குப் போட்டேன்.”

ஒரு வெள்ளிக்கிழமை சாப்பிட்டுவிட்டு மத்தியானம் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கட்டிலில் இரண்டு காலும் நேராக இருந்தன. மகன் காரியமெல்லாம் முடித்துவிட்டுப் போகும்போது போனை என்னிடம் கொடுத்தான். அம்மா அப்படித்தான் சொல்லியிருந்தார்களாம். பில் இன்னும் அவன்தான் கட்டுகிறான். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

எதிர்வீடு இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. யாரும் குடிவரவில்லை.

போனை நானும் பயன்படுத்துகிறேன். மைக் படத்தை அழுத்தி முதலில் வணக்கம் சொல்வேன். நான் நல்லா இருக்கேன், எனக்கு ஒண்ணும் இல்ல என்பேன். போன வாரம் கேட்டேன், எதிர்வீட்டு அக்காவுக்குத்தான் கேட்டேன். எழுபத்தாறு வயது. துணி காயப்போட்டுவிட்டு வந்தால் மூச்சு வாங்குகிறது. சாயந்தரம் இரண்டு காலும் வீங்குகின்றன. படுத்தால் மூச்சு முட்டுகிறது, மூன்று தலையணை வைத்துச் சாய்ந்துதான் தூங்குகிறாள். எத்தனை நாளாக என்று மிஸி கேட்டது. அன்றைக்குப் பத்து நாள். இன்றோடு பதினேழு. இதயமாக இருக்கலாம், தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றது. சொல்கிறேன் என்றேன்.

நாளைக்குச் சனிக்கிழமை. மூத்தவன் மகள் வருவாள். இந்த நோட்டை அவளிடம் கொடுக்கப்போகிறேன்.

பாப்பா, இது எழுத்துப்பிழை பார்க்கத்தான். எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு. என் எழுத்து பெரிது, ஒன்றும் விட்டுப்போகாது. இந்தப் பக்கத்துக்கு வந்ததும் கொஞ்சம் மெதுவாகப் படி. என் ஐசி கைப்பையில் இருக்கிறது. பை கதவு ஆணியில் தொங்குகிறது. நீ படி, நான் இங்கேயே உட்கார்ந்து கேட்கிறேன்.